படத்தில் விழுந்த மஞ்சள் கோடு

மிக்கலுக்கு முன்பல் விழுந்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் அவனுக்கு விசிலடிக்க வந்துவிட்டது.

ஆறு வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கஞ்சி குடிக்கும்போது விசில். காலுறை மாட்டும்போது விசில். கழிவறைக்குள்ளே இருந்தும் விசில்.

"டேய், காது வலிக்குது. நிறுத்துடா!" என்றாள் அவன் அக்கா ரிஸ்தென்.

"நான் எங்கக்கா அடிக்கிறேன்? வாயைத் தொறந்தா அதுவா வருது," என்றான் மிக்கல். சொல்லும்போதே ஒரு விசில் வந்து விழுந்தது.

ரிஸ்தெனுக்குப் பதினோரு வயது. அவளுக்கு இருந்த கவலையே வேறு. பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒரே ஒரு நல்ல கேமரா. வகுப்பில் பதினான்கு பேர். ஆளுக்கு ஒரு நாள் முறை. எல்லோரும் தங்கள் ஊர் வானத்தைப் படம் எடுத்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை பெற்றோர் வரும்போது அந்தப் படங்களைச் சுவரில் மாட்டப் போகிறார்கள்.

ரிஸ்தெனின் முறை இன்றைக்கு. நாளைக் காலையில் கேமரா அடுத்த முறைக்காரன் ஆந்தேயிடம் போய்விடும். நேற்று ராத்திரியிலிருந்து வானமோ கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேயிருந்தது. இன்றைக்குள் மேகம் விலகாவிட்டால் சுவரில் அவள் பெயருக்கு மேலே ஒரு காலி இடம்தான் இருக்கும்.

கேமராவைக் கொடுக்கும்போது பிரெத் டீச்சர் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார். "பேட்டரிக்குக் குளிர் ஆகாது, சட்டைக்குள்ள வெச்சுக்கோ. லென்ஸ் மேல மூச்சு விடாதே, உறைஞ்சு போகும். முக்கியமா, வெளியில இருந்து நேரா வீட்டுக்குள்ள கொண்டு போகாதே. சூடு பட்டதும் உள்ள தண்ணி கோத்துக்கும். இதை நீ மறந்தா, உன்னை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்!"

அந்த வடகோடி ஊரில் சூரியன் விடுமுறையில் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். அதனால் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போதே இருட்டிவிட்டது. அப்பா நாயையும் கூட்டிக்கொண்டு கலைமான் மந்தையோடு மலைப்பக்கம் போயிருந்தார். அம்மாவுக்கு ஊர்க் கடையில் வேலை. ஆறு மணிக்குத்தான் வருவாள். அதுவரை தம்பியைப் பார்த்துக்கொள்வது ரிஸ்தெனின் பொறுப்பு.

நாலரை மணிக்கு அவள் நூறாவது தடவையாக ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தாள். நட்சத்திரம்! ஒன்றல்ல, அள்ளிக் கொட்டியது போல. ஏரிக்கு அப்பால், குன்றுகளின் தலைக்கு மேல், வெளிறிய பச்சையில் துருவ ஒளியின் முதல் கோடு எழுந்துகொண்டிருந்தது.

"மிக்கல்! கிளம்பு, கிளம்பு, கிளம்பு!"

"எங்கக்கா?"

"வான்வெளிச்சம் வருதுடா! உன்னைத் தனியா அடுப்புகிட்ட விட்டுட்டுப் போக முடியாது. நீயும் வா."

ஒரு தம்பியை மைனஸ் இருபத்தெட்டுக் குளிருக்கு உடுத்திக் கிளப்புவது லேசான காரியமில்லை. இரண்டு கால்சட்டை, மூன்று சட்டை, மேலே கோட்டு, கலைமான் தோல் பூட்ஸ், கையுறை, குல்லாய். எல்லாம் போட்டு முடித்ததும் அவன், "அக்கா, மூச்சா வருது," என்றான்.

ரிஸ்தெனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு வழியாக இருவரும் ஏரிக்கரைக்கு வந்தார்கள். ஏரி கரையிலிருந்து கரைவரை உறைந்து கிடந்தது. ரிஸ்தென் மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றிக் கேமராவைப் பொருத்தினாள். இருட்டில் படம் எடுக்க வேண்டுமானால் கேமராவின் கண் பதினைந்து நொடி திறந்தே இருக்க வேண்டும். அதற்குள் ஸ்டாண்டு அசையக் கூடாது. குறுக்கே எந்த வெளிச்சமும் வரக் கூடாது.

குறுக்கே வந்தது மிக்கலின் நெற்றி விளக்கு.

பனிக்கட்டி மேல் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தவன், நிமிடத்துக்கு ஒரு முறை, "அக்கா, என்னைப் பாரேன்!" என்று திரும்புவான். படத்தில் அவன் விளக்கு மஞ்சள் புழு மாதிரி நெளிந்து விழும்.

"டேய்! லைட்டு! இதோட நாலு படம் போச்சு!"

"தெரியாமப் பட்டுடுச்சுக்கா."

"உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

கேமராவில் பேட்டரி அளவு ஒரு கட்டம் குறைந்தது. குளிர் அதைத் தின்றுகொண்டிருந்தது. பச்சைக் கோடோ இப்போதுதான் அகலமாகி, மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. ரிஸ்தென் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மிக்கல் விசிலடித்தான். சின்ன விசில் இல்லை. ஓட்டைப் பல் வழியாக, ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி, நீளமான விசில்.

ரிஸ்தெனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வான்வெளிச்சத்தின் கீழே விசிலடிக்கக் கூடாது. அந்த ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் இது தெரியும். விசில் கேட்டால், யார் கூப்பிட்டது என்று பார்க்க வெளிச்சம் கீழே இறங்கி வருமாம். வந்து என்ன செய்யும் என்பதை வீட்டுக்கு வீடு ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எந்த வீட்டிலும் நல்லவிதமாகச் சொன்னதில்லை. ஓநாயையே துரத்தியடித்த அப்பாகூட, வான்வெளிச்சம் ஆடும்போது இருமல் வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

"அடப்பாவி! என்ன காரியம் பண்ணிட்டே!" ரிஸ்தென் அடித்தொண்டையில் சீறினாள். "யாருன்னு பார்க்க வந்துடுமே! பளிச்சுன்னு இருக்கிறதைத்தான் முதல்ல தூக்கும். லைட்டை அணைடா! ஓடு! ஓடிப் போய் ஒளிஞ்சுக்கோ!"

பாதி பயத்தில் சொன்னாள். உள்ளதைச் சொன்னால், மீதிப் பாதி அவன் தொல்லை விட்டால் போதும் என்று சொன்னாள். வீட்டுக்குத்தான் ஓடுவான் என்று நினைத்தாள்.

மிக்கலின் முகம் வெளுத்தது. அவன் ஓடினான். கலைமான் தோல் பூட்ஸில் ஓடினால் சத்தமே கேட்காது.

ரிஸ்தென் அவன் பக்கம் திரும்பவில்லை. ஏனென்றால் அந்த நொடியில் வானம் வெடித்துத் திறந்தது. பச்சைத் திரை ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிந்து உதறிக்கொண்டது. அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஓடியது. அவள் எடுத்தாள், எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். தம்பி, குளிர், விசில் எல்லாம் மறந்துபோயின. கடைசியில் பேட்டரி செத்து, கேமரா தானாகவே அணைந்தது.

அவள் பேட்டரியைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டாள். வீட்டுக்கு ஓடி, கேமராப் பையைக் குளிரான முன்னறையிலேயே வைத்தாள். அதை மறக்கவில்லை. பிறகு உள்கதவைத் தள்ளித் திறந்தாள்.

"மிக்கல்! ஜெயிச்சுட்டேன்டா! அப்படி ஒரு படம் கிடைச்சிருக்கு!"

பதில் இல்லை.

அடுப்பு மட்டும் படபடவென்று எரிந்துகொண்டிருந்தது. கதவருகே அவன் பூட்ஸ் இல்லை. ஆணியில் அவன் கோட்டு இல்லை.

"மிக்கல்? விளையாடாதே. வெளியில வா."

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மேசைக்கு அடியில் பார்த்தாள். விறகுக் கொட்டகைக்கு ஓடினாள். நீராவிக் குளியலறையைத் திறந்து பார்த்தாள். எங்கேயும் இல்லை.

அம்மாவைக் கூப்பிட வேண்டும்! கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள். குளிரில் அதுவும் அணைந்துபோயிருந்தது. எவ்வளவு அழுத்தியும் விழிக்கவில்லை. அதைச் சார்ஜில் செருகிவிட்டு மறுபடி வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுக்குப் போக ஏரியைச் சுற்றிப் பத்து நிமிடம், ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பப் பத்து நிமிடம். மிக்கல் போய் ஏற்கெனவே அரை மணி நேரம் ஆகிறது.

"மிக்கல்! மிக்கல்!"

காலடித் தடம் பார்க்கலாமா? அதுவும் முடியாது. காற்று ஏரிப்பனியை அடித்து அடித்துக் கல்லாக்கி வைத்திருந்தது. ஆறு வயதுக் கால் அதில் பதியாது. அவன் விளக்கும் எங்கேயும் தெரியவில்லை. அணைக்கச் சொன்னது யார்? அவளேதான்.

வலப்பக்கம், தூரத்தில், சலசலவென்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. ஓடை ஏரியில் விழுகிற இடம். ஏரி முழுக்க லாரியே ஓடலாம். ஆனால் அங்கே மட்டும் பனிக்கட்டி அப்பளம் மாதிரிதான் இருக்கும். எச்சரிக்கைக்கு நட்டிருந்த சிவப்புக் கம்புக்கு அப்பால் யாரும் கால் வைக்கக் கூடாது. மிக்கலுக்கும் அது தெரியும். ஆனால் பயந்து ஓடுகிறவனுக்குக் கம்பு கண்ணில் படுமா?

ரிஸ்தென் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தக் குளிரில் அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும்.

'நான் வானத்தைத்தான் பார்த்தேன். அவனைப் பார்க்கவே இல்லை. எந்தப் பக்கம் ஓடினான்னுகூடத் தெரியலையே!'

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவள் பார்க்கவில்லை. சரி. ஆனால் கேமரா பார்த்துக்கொண்டிருந்ததே! கண்ணைத் திறந்து வைத்து, படத்துக்குப் பதினைந்து நொடி பார்த்துக்கொண்டே இருந்ததே! அவன் விளக்கை உடனே அணைக்காமல் ஓடியிருந்தால்?

முன்னறைக்குப் பாய்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். சட்டைக்குள் உடம்புச் சூட்டில் கிடந்த பேட்டரியை எடுத்துக் கேமராவில் செருகினாள். திரை விழித்தது. ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம் தாங்கிக்கோ," என்று அதனிடம் கெஞ்சினாள்.

நல்ல படங்களை வேகவேகமாகத் தள்ளினாள். பச்சை, பச்சை, இளஞ்சிவப்பு, பச்சை. எவ்வளவு அழகாக இருந்தன! ஒன்றைக்கூட நின்று பார்க்கவில்லை. பின்னால், இன்னும் பின்னால்.

இதோ! படத்தின் அடியில், பனிக்கு மேலே, ஒரு மஞ்சள் கோடு. ஓடுகிற பையனின் தலையைப் போலவே மேலும் கீழும் குதித்துக் குதித்துப் போனது. நடுவில் தொடங்கி வலப்பக்கம் போயிற்று. வலப்பக்கம், சிவப்புக் கம்பு இருக்கிற திசையில், கோட்டின் முனை நேராக ஓடையைப் பார்த்து நின்றது.



அடுத்த படத்துக்குப் போனாள். விரல் மரத்துப்போய் பொத்தான் இரண்டு முறை வழுக்கியது. சிவப்புக் கட்டம் வேகமாக மினுக்கியது. படம் வந்தது.

கோடு தொடர்ந்தது. கம்பை நோக்கிப் போனது, கம்பு வரைக்கும் போனது, அங்கே சட்டென்று வளைந்து கரைப்பக்கம் ஏறியது. கரையில் வரிசையாக இருந்த கறுப்பு மேடுகளில் கடைசி மேட்டருகே ஒரு சுழி போட்டு, தரையில் இறங்கி, முடிந்துபோனது.

திரை அணைந்தது. இனிப் பேட்டரியால் ஒன்றும் ஆகாது. ஆனால் அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள்.

"படகு!"

அந்தக் கறுப்பு மேடுகள் படகுகள். பனிக்காலத்துக்குக் கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பிடிப் படகுகள். ரிஸ்தென் கட்டிலில் இருந்த கம்பளியை வாரிக்கொண்டு ஓடினாள். வானம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது அதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசிப் படகின் ஓரத்தில் பனி கொஞ்சம் சரிந்து, நரி நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து தெரிந்தது. பக்கத்தில் ஒற்றைக் கையுறை கிடந்தது.

"மிக்கல்!"

உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. உலகத்தில் எந்தப் பாட்டும் அவள் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை.

"கத்தாதேக்கா," என்று கிசுகிசுத்தது படகு. "மேலதான் இருக்கு. தேடிக்கிட்டே இருக்கு."

"கண்ணா, வெளியில வாடா. வீட்டுக்குப் போலாம்."

"மாட்டேன். நான்தானே விசிலடிச்சேன். என்னைத் தூக்கிட்டுப் போயிடும்."

ரிஸ்தென் பொந்துக்குள் கையை விட்டாள். அவன் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டான். எட்டவில்லை. அவளால் அந்தப் பொந்தில் நுழையவும் முடியாது. படகைப் புரட்ட நாலு ஆள் வேண்டும்.

"நான் சும்மா சொன்னேன்டா. அப்படியெல்லாம் ஒண்ணும் வராது."

"பொய்! உனக்கே பயம். போன வருஷம் ஆந்தே அண்ணன் விசிலடிச்சப்ப நீ ஓடிவந்து என் போர்வைக்குள்ள பூந்துக்கல?"

அவன் சொன்னது உண்மை. ரிஸ்தென் பிறந்ததிலிருந்து ஒரு முறைகூட வானத்தின் கீழே விசிலடித்ததில்லை. மனதுக்குள்கூட அடித்ததில்லை. உள்ளே தம்பியின் பற்கள் தடதடவென்று அடித்துக்கொள்வது கேட்டது. இன்னும் நேரம் போனால் அந்தச் சத்தமும் நின்றுவிடும்.

அவள் எழுந்து நின்றாள். வெட்டவெளியில், எல்லாப் பக்கமிருந்தும் தெரிகிற மாதிரி நின்றாள். தலைக்கு மேலே பச்சைத் திரை உதறிக்கொண்டிருந்தது. அவள் நெற்றி விளக்கைப் போட்டாள். பிறகு உதட்டைக் குவித்து ஊதினாள்.

"ஃபூ..."

வெறும் காற்று வந்தது.

"அக்கா, என்ன பண்ணுறே?" என்றது படகு.

"விசிலடிக்கிறேன். ஃபூஊ..."

"ஐயோ, வேண்டாம்! உன்னையும் தூக்கிடும்!"

"தூக்கட்டும். உன்னை மட்டும் தனியா அனுப்புவேனா? போனா ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். ஃபூஊஊ..."

படகு சொன்னது: "இது விசிலா? கஞ்சியை ஆத்துற மாதிரி இருக்கு."

"எனக்குத்தான் பல்லு விழலையே! நான் என்ன பண்ணட்டும்?"

"நாக்கை மடக்கி, கீழ்ப்பல்லுல முட்டிக்கிட்டு ஊதணும்."

ரிஸ்தென் நாக்கை மடக்கினாள். கீழ்ப்பல்லில் முட்டினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினாள்.

வந்துவிட்டது! மெல்லிய, நடுங்குகிற, ஆனால் சந்தேகமில்லாத ஒரு விசில் ஏரி மேலே போனது.

இருவரும் மூச்சுவிடவில்லை. வான்வெளிச்சம் ஒரு முறை சுருண்டது, நிமிர்ந்தது, வடக்குப் பக்கமாக நகர்ந்தது. கீழே இறங்கவில்லை. யாரையும் தேடவில்லை.

"வரலையா?" என்றது படகு.

"வரலை."

"ஏன்க்கா?"

"தெரியலைடா. யாருன்னு பார்த்திருக்கும். அட, இதுங்களான்னு போயிருக்கும்."

பொந்திலிருந்து முதலில் ஒரு குல்லாய் வந்தது. பிறகு இரண்டு கண். பிறகு மூக்குச்சளி உறைந்த ஒரு முகம். ரிஸ்தென் அவனை இழுத்து, கம்பளியில் சுற்றி, அவன் வெறுங்கையைத் தன் கழுத்துக்குள் வைத்துக்கொண்டாள். அது பனிக்கட்டியாக இருந்தது. அவள் கத்தவில்லை.

"மன்னிச்சுக்கடா. நான்தான் உன்னை ஓட வெச்சேன்," என்றாள்.

"நான் நல்லா ஒளிஞ்சேன்ல?"

"ரொம்ப நல்லா ஒளிஞ்சே. இனிமே இவ்வளவு நல்லா ஒளியாதே."

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். கலைமான் சாறு அடுப்பில் கொதித்தது. மிக்கல் மூன்று போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தான். விரல்கள் சிவந்து, சூடு ஏறி, குறுகுறுத்துக்கொண்டிருந்தன.

"வெளியில வெளிச்சம் என்ன ஆட்டம் ஆடுது பார்த்தீங்களா?" என்றபடி அம்மா கோட்டைக் கழற்றினாள். "யாரும் விசில் கிசில் அடிக்கலையே?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் அடிச்சேம்மா," என்றாள் ரிஸ்தென்.

"நானும்," என்றது போர்வை.

பிறகு ரிஸ்தென் எல்லாவற்றையும் சொன்னாள். தான் மிரட்டியது, வானத்தைப் பார்த்துக்கொண்டு தம்பியை மறந்தது, எதையும் மறைக்கவில்லை. அம்மா முகம் மாறிக்கொண்டே வந்தது. திட்டு விழப் போகிறது என்று ரிஸ்தென் தலையைக் குனிந்தாள். அம்மா வந்து இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, வெகுநேரம் விடவே இல்லை. திட்டு சாப்பாட்டுக்குப் பிறகு விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிச் சுவரில் பதினான்கு படங்கள் மாட்டியிருந்தன. ரிஸ்தெனிடம் பச்சையும் இளஞ்சிவப்புமாக அருமையான படங்கள் ஒன்பது இருந்தன. அவள் கொடுத்தது வேறொன்று.

"என்ன ரிஸ்தென், இதையா கொடுக்கிறே?" என்றார் பிரெத் டீச்சர். "கீழே யாரோ விளக்கைக் காட்டிக் கெடுத்திருக்காங்களே."

"கெடுக்கலை டீச்சர். இதுதான் எனக்குக் கிடைச்சதுலேயே நல்ல படம்."

பெற்றோர் வந்தார்கள். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். அந்தப் படத்துக்கு முன்னால் மட்டும் கூட்டம் நின்றது. வானம் முழுக்கப் பச்சை அலை. அதன் கீழே, பனி மேலே, குதித்துக் குதித்துப் போய்ச் சட்டென்று கரைப்பக்கம் வளைகிற ஒரு மஞ்சள் கோடு.

"இது என்னது?" என்று ஒருவர் கேட்டார்.

மிக்கல் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து முன்னால் வந்தான். ஓட்டைப் பல் தெரியச் சிரித்தான்.

"பச்சையா இருக்கிறது வானம்," என்றான். "மஞ்சளா இருக்கிறது நான்."